எங்கள் பேரில் ஒரு துண்டு மண்

கிளிநொச்சி பாரதிபுரத்தில் என் வேலை நிமித்தம் நான் அடிக்கடி போய்வரும் வீடு ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு அம்மாவுக்கு ஐம்பத்தாறு அல்லது ஐம்பத்தேழு வயதிருக்கும். "இருக்கும்" என்று எழுதுவதற்குக் காரணம், தான் பிறந்த திகதி அவருக்கே தெரியாது. உத்தேச வயதுச் சான்றிதழை வைத்து எடுத்த அடையாள அட்டைதான் அவரிடம் இருக்கிறது. 2009இல் கணவரை இழந்தார். செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கையில் இருந்தது ஒரு பொலித்தீன் பையும் மகளும் மட்டும்தான்.

அவர் இருக்கும் காணிக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. அது கணவரின் பெயரில் இருக்கிறது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று அவர் எழுதி வைக்கவில்லை. உயிருடன் இருந்த காலத்தில் அதைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை. இப்போது அந்த அம்மா தன் பெயருக்கு மாற்றக் கேட்டபோது, கொண்டுவரும்படி சொல்லப்பட்ட கடதாசிகளில் ஒன்று பிறப்பு அத்தாட்சிப்பத்திரம்.

"பிள்ளை, நான் பிறந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்திலை. என்ரை பெரியம்மா ஒராள் இன்னும் அங்கை இருக்கிறா. நான் எப்ப பிறந்தனான் எண்டு அவவுக்குத்தான் தெரியும். ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?" என்று கேட்டார்.

போனோம். அந்தப் பயணத்தில் நான் கண்டதையும் கேட்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வன்னியில் எங்கள் அயலில் வாழும் பல பெண்களின் வேர் அந்த மலையில் இருக்கிறது. ஆனால் அவர்களின் ஊர் எப்படிப்பட்டது, அது எப்படி உருவானது என்று எங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஊர் என்று சொல்லப்படாத ஊர்

கண்டியில் பஸ் மாறி, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டன். அங்கிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டி மஸ்கெலியா. பாதையின் இரு பக்கமும் தேயிலை. கொழுந்துக் கூடையுடன் பெண்கள் நிற்கும் படத்தை நாங்கள் எல்லோரும் தேயிலைப் பக்கற்றில் பார்த்திருக்கிறோம். அந்தப் பெண்கள் வேலை முடிந்து எங்கே போகிறார்கள் என்பதை அந்தப் படம் சொல்வதில்லை.

அவர்கள் போவது லயத்துக்கு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அந்த இடத்துக்குள்தான் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு, புதுமணத் தம்பதியின் வாழ்க்கை எல்லாம். தண்ணீருக்குப் பீலி. லயத்தைத் தாண்டினால் மாரியம்மன் கோயில், பிள்ளைக்காம்பரா, கொழுந்து மடுவம், ஸ்டோர். மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும் ஒரு பொட்டல். ஐந்து தலைமுறையாக மனிதர் பிறந்து, வாழ்ந்து, புதைக்கப்பட்ட இடம். இருந்தாலும் அதற்கு 'ஊர்' என்றோ 'கிராமம்' என்றோ பெயரில்லை. 'தோட்டம்' என்றுதான் பெயர்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது சுயே முரா என்ற ஜப்பானிய உழவர் கிராமத்தைப் பற்றிப் படித்தேன். ஜோன் எம்பிரி என்ற ஆய்வாளர் மனைவி எல்லாவுடன் அங்கே தங்கியிருந்து எழுதிய நூல் 1939இல் வெளிவந்தது. ஜப்பானில் 1872ஆம் ஆண்டிலிருந்தே குடும்பப் பதிவேடுகள் உண்டு. யார் எந்த வீட்டில் பிறந்தார், எந்த வீட்டுக்குப் போனார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். ஆனாலும் அந்தக் கிராமத்துப் பெண்களைப் பற்றி எல்லா எழுதி வைத்த குறிப்புகள் தனி நூலாக வந்தது 1982இல்தான். கிராமத்தின் கதை முதலில் வந்தது. பெண்களின் கதை வர மேலும் 43 ஆண்டுகள் எடுத்தது. மஸ்கெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு அந்த நினைவு வந்தது. எங்கள் மலையில் கிராமத்தின் கதையே இன்னும் சரியாக எழுதப்படவில்லையே!

நடந்து வந்த சனம்

இந்த மக்களின் முன்னோர் 1820களிலிருந்து தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். அப்போது தேயிலை இல்லை, கோப்பி. பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நொந்திருந்த ஏழைகளைக் கங்காணிமார் ஆள்கட்டிக் கூட்டி வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர் ஏராளம். அந்த வரவின் 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. உங்களில் சிலர் மன்னாரில் அந்த ஊர்வலத்தைக் கண்டிருப்பீர்கள்.

1869இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் தொற்றியது. சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்துபோயின. அதற்கு முன்பே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போன இடத்துக்குத் தேயிலை வந்தது. 1885இல் ரயில் பாதை நானுஓயா வரை எட்டியது.

இந்த மாற்றத்தில் பெண்களுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. கோப்பியில் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆட்கள் கூடுதலாகத் தேவை. தேயிலை அப்படியல்ல. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக ஆட்கள் நிரந்தரமாகத் தேவைப்பட்டார்கள். கொழுந்தெடுப்பது பெண்களின் வேலையானது. பெண்கள் வந்து தங்கியதால்தான் லயம் நிரந்தரக் குடியிருப்பாயிற்று.

வந்தவர்கள் கடனாளியாகவே வந்தார்கள். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கங்காணியின் கணக்கில் கடன். கடன் தொகையை எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

பேர் என்றால் என்ன?

நாங்கள் போன தோட்டத்தின் லயத்தில் பெரியம்மாவைக் கண்டோம். எண்பதைத் தாண்டிய மூதாட்டி. கூடைக் கயிறு பதிந்த தடம் நெற்றிக்கு மேலே இன்னும் இருக்கிறது. "அடி, நீயா? உங்கம்மா மாதிரியே இருக்கியே!" என்று கட்டிக்கொண்டார். அதுவரை என்னோடு கிளிநொச்சிப் பேச்சுப் பேசிவந்த அம்மா, அந்தக் கணத்தில் "ஆமா பெரியம்மா, நான்தான் வந்திருக்கேன்" என்று மலைப் பேச்சுக்கு மாறிவிட்டார். நாற்பத்தெட்டு வருடம் அந்தப் பேச்சு அவருக்குள் எங்கே இருந்ததோ தெரியாது.

சாயத்தண்ணியும் ரொட்டியும் தந்து பெரியம்மா தன் வேலைக் காலத்தைப் பற்றிச் சொன்னார். விடியுமுன் தப்புச் சத்தம். பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, இடுப்பில் படங்கு கட்டி, பெரட்டுக்கு ஓட வேண்டும். பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலையில் அட்டைக் கடியும் பனியும். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் அது 16, 18, 20 என்று வேறுபடும். அந்த அளவு எடுத்தால் 'முழுப் பேர்' விழும். குறைந்தால் 'அரைப் பேர்'.

தோட்டத்தில் 'பேர்' என்பது ஒரு நாள் உழைப்பு. செக்ரோலில் கணக்குப்பிள்ளை போடும் ஒரு புள்ளடி. "இந்த மாசம் எத்தன பேர்?" என்றால், எத்தனை நாள் கூலி என்று அர்த்தம். பெரியம்மா நாற்பது வருடம் பேர் வாங்கியிருக்கிறார். ஆனால் அதே பேருக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்ற நிலை 1984 வரை இருந்தது. அந்த ஆண்டு தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பின்னர்தான் ஆண், பெண் சமசம்பளம் கிடைத்தது. நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. ஒவ்வொரு உயர்வுக்கும் எத்தனை போராட்டம் என்பதை அந்தப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

போராட்டத்தில் பெண்கள் பின்னால் நின்றவர்கள் அல்ல. 1930களில் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யருடன் அவரது துணைவியார் மீனாட்சியம்மாளும் தோட்டம் தோட்டமாகப் போனார். கூட்டங்களில் தானே பாட்டுக் கட்டிப் பாடி மக்களைத் திரட்டினார். பெண் மேடையேறுவதே அரிதாயிருந்த காலம் அது.

மூன்று திசையில் ஒரு குடும்பம்

1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தபோது இந்த மக்களில் ஒரு பகுதியினருக்கும் வாக்கு இருந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். அடுத்த ஆண்டே, சுதந்திரம் கிடைத்த 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பெரும்பாலான தோட்ட மக்கள் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. தந்தையின் பிறப்பைக் கடதாசியில் நிரூபி என்று கேட்ட சட்டம் அது. கடதாசி இல்லாதவனுக்கு நாடு இல்லை.

1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிகுதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. நாடற்றோர் பிரச்சினை 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் பிறகுதான் முடிவுக்கு வந்தது.

அந்த அம்மாவின் குடும்பத்தில் இந்தக் கணக்கு எப்படி நடந்தது தெரியுமா? அப்பாவின் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். பெரியம்மா மலையிலேயே நின்றுவிட்டார். அம்மாவின் பெற்றோர் வன்னிக்குப் போனார்கள்.

"ஸ்டேசன்ல எழவு வீடு மாதிரிங்க. போறவுங்களும் அழுவுறாங்க, நிக்கிறவுங்களும் அழுவுறாங்க" என்றார் பெரியம்மா.

வன்னிக்குப் போனதற்கு முதற் காரணம் பசி. 1973, 74இல் தோட்டங்களில் உணவுத் தட்டுப்பாடு. வேலை நாட்களும் குறைந்தன. மனிதர் பட்டினியால் செத்தார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ்த் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. தோட்ட மக்களுக்கு அதில் ஒரு பிடி மண்ணும் கிடைக்கவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் காணிகளைப் பிரித்தெடுப்பதற்கு எதிராக மக்கள் திரண்டபோது, 1977 மே 11இல் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் இனக்கலவரம். அதன் பிறகு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிக் காடுகளை நோக்கி வந்தன. அந்த அம்மாவின் குடும்பமும் அவர்களில் ஒன்று. அப்போது அவருக்கு எட்டு வயது.

பாரதிபுரம், மலையாளபுரம், தர்மபுரம் போன்ற இடங்களில் காடு வெட்டிக் குடியேறினார்கள். வயலில் கூலிக்கு நின்றார்கள். பின்னர் வந்த போரில் எங்களோடு இடம்பெயர்ந்தார்கள், எங்களோடு செத்தார்கள். ஆனாலும் நாங்கள் அவர்களை என்ன சொல்லி அழைத்தோம்? 'தோட்டக்காட்டார்' என்று. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். சின்ன வயதில் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மாவின் இஸ்தோப்பில் இருந்து அவர் தந்த சாயத்தண்ணியைக் குடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

தண்ணீருக்குள் போன பட்டினம்

"பெரியம்மா, நான் எந்த வருசம் பொறந்தேன்?" என்று அம்மா கேட்டார்.

மூதாட்டி யோசிக்கவே இல்லை. "பழைய டவுன தண்ணி மூடுன வருசம். உங்கம்மா உன்ன வயித்துல வச்சுக்கிட்டு, பழைய கோயில கடைசியா ஒருதரம் கும்புடணும்னு எறங்கிப் போனா. காமன் பொட்டல்ல கம்பம் ஊனுன மாசம் நீ பொறந்த."

மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியாப் பட்டினம் நீரில் மூழ்கியது. நீர்த்தேக்கம் 1969இல் நிறைவு பெற்றது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில் இப்போதும் வெளியே தெரியும். காமன் கம்பம் ஊன்றுவது மாசியில். ஒரு பெண்ணின் பிறப்பைக் கடதாசி மறந்தாலும் இன்னொரு பெண் நினைவில் வைத்திருந்தாள்.

பிறப்புப் பதிவின் எண்ணோ திகதியோ தெரியாவிட்டால் புத்தகங்களைத் தேட வேண்டியிருக்கும். ஆண்டும் மாதமும் தெரிந்தால் தேடல் சுருங்கிவிடும். 1968 கடைசியிலிருந்து 1969 நடுப்பகுதி வரை தேடித் தரும்படி தோட்டத்தின் பெயரையும் தாய் தந்தை பெயரையும் எழுதி விண்ணப்பித்தோம். சில வாரங்களில் பிரதி வந்தது. 1969 மாசிதான்! ஆனால் அம்மாவின் பெயர் அடையாள அட்டையில் உள்ளதுபோல் இல்லை. கடைசி எழுத்துகள் வேறு. யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். தோட்டப் பெண்கள் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு. பெரியம்மாவின் சேமலாப நிதியும் இதே காரணத்தால் மாதக் கணக்கில் இழுபட்டதாம். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்திருக்கிறோம்.

யாருடைய பேரில்?

புறப்படும்போது பெரியம்மா அம்மாவிடம் கேட்டார்.

"அங்க ஒனக்குக் காணி எவ்வளவு?"

"ஒரு ஏக்கர் பெரியம்மா. கிணறு இருக்கு. பத்துத் தென்ன இருக்கு."

"பேரு யாரு பேர்ல?"

"அவரு பேர்ல."

பெரியம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான் நாப்பது வருசம் பேர் வாங்குனேன். இந்தக் காம்பரா கூட என் பேர்ல இல்ல. நீயாவது வாங்கிரு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. தோட்டக் காணி அரசுக்குரியது. 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளின் கையில். குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் உறுதிப்பத்திரமும் தரும் திட்டங்கள் பல இடங்களில் நடந்திருக்கின்றன. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகளும் உண்டு. பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 2018இல் 404 வீடுகள் கொண்ட மகாத்மா காந்திபுரம் கையளிக்கப்பட்டது. அதே ஆண்டில் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தடையின்றிச் செலவு செய்ய முடிந்தது. இருந்தாலும் ஏராளமான குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கின்றன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் மலையகமெங்கும் மண்சரிவுகள் ஏற்பட்டன. "மழை பேஞ்சா தூக்கமே வராதுங்க மிஸ்" என்று பெரியம்மாவின் மருமகள் என்னிடம் சொன்னார். ஷெல் சத்தம் கேட்டால் எங்களுக்குத் தூக்கம் வராதிருந்த நாட்கள் என் நினைவுக்கு வந்தன.

சகோதரிகளே, பெரியம்மா கேட்ட கேள்வியை நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டும். அரச காணி அனுமதிப்பத்திரங்கள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுபவை. பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஒருவர் இறந்தால், பிள்ளைகளில் ஆணுக்கே முதலிடம் என்ற ஒழுங்கு அதில் நீண்ட காலம் இருந்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு அந்த ஆண், பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. இது நல்ல செய்தி. ஆனால் சட்டம் மாறியதால் மட்டும் எங்கள் கையில் கடதாசி வந்துவிடாது.

உங்கள் அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். யாருடைய பெயரில் இருக்கிறது? பின்னுரித்தாளராக யாரை எழுதியிருக்கிறது? எழுதப்படவில்லையென்றால், கணவர் உயிருடன் இருக்கும்போதே இருவரும் பிரதேச செயலகத்துக்குப் போய் உங்கள் பெயரை எழுதுவியுங்கள். பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப்பத்திரங்களில் பெயர்கள் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். போரில் தொலைந்த கடதாசிகளுக்குப் பிரதி எடுங்கள். உங்கள் தாயிடமும் பெரியம்மாமாரிடமும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பிறந்த ஊர், ஆண்டு, மாதம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கடதாசி இல்லாததால் ஒரு சமூகமே நாட்டை இழந்த கதையை இப்போதுதான் பார்த்தோம்.

அந்த அம்மாவின் விண்ணப்பம் இதை எழுதும்வரை முடியவில்லை. மாதம் ஒருமுறை இருவரும் போய்க் கேட்டுவிட்டு வருகிறோம். சென்ற முறை திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்:

"கிடைச்ச உடனை பெரியம்மாவுக்கு ஒரு கோல் எடுக்க வேணும் பிள்ளை. இன்டைக்கு எனக்கு முழுப் பேர் விழுந்திட்டுது எண்டு சொல்ல வேணும்."